மலைக்கு வரும் மாணவர்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டை அடைகிறவர்களுள் பெரும்பாலோர், ஏரியையும் பூங்காவையும் பார்த்துவிட்டு, மாலைப் பனி கவியுமுன் இறங்கிவிடுகிறார்கள். ஏற்காட்டிற்கு அப்பால், காபித் தோட்டங்களின் நடுவே வளைந்து செல்லும் சாலைகளின் கோடியில், சேர்வராயன் மலையின் உண்மையான வாழ்க்கை நடைபெறும் சிற்றூர்கள் பல இருக்கின்றன. கரடியூர் அவற்றுள் ஒன்று. பள்ளத்தாக்கை நோக்கிய அதன் காட்சிமுனையைத் தேடி இப்பொழுது உல்லாசப் பிரயாணிகள் வருவதுண்டு. ஆயினும் அவ்வூரும் அதைச் சூழ்ந்த ஊர்களும், தமிழையே தாய்மொழியாகக் கொண்ட மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் ஊர்கள். காபியும் மிளகும் விளைவிக்கும் ஊர்கள். காபி இம்மலைக்கு வந்தது 1820-களில், சேலம் ஜில்லாக் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரையின் முயற்சியால். மலையாளிகள் வந்து குடியேறியதோ அதற்குப் பல தலைமுறை முந்தி.

சுற்றுலாவிற்கு வருவோரையும் தோட்டத் தொழில் நிமித்தம் வருவோரையும் தவிர, மூன்றாவது வகையினரும் இம்மலைக்கு வருகிறார்கள். அவர்கள் கல்லூரி மாணவர்கள். வேளாண்மை மாணவர் காபிச் செடியின் நோய்களை அறியவும், தாவரவியல் மாணவர் ஆர்க்கிட் செடிகளைக் காணவும், பூகர்ப்ப சாஸ்திர மாணவர் சார்னோகைட் என்னும் கருநிறப் பாறையைச் சுத்தியால் தட்டிப் பார்க்கவும், சமூகப் பணி பயிலும் மாணவர் வினாப்படிவத்தைக் கையிலேந்தி வீடுவீடாகச் செல்லவும், நாட்டு நலப்பணித் திட்டத்தினர் பள்ளிக்கூடத்தில் முகாமிட்டுத் தங்கவும் வருகிறார்கள். இவர்கள் இம்மலையிலிருந்து எதைக் கற்றுச் செல்கிறார்கள் என்பது ஒரு கேள்வி. எதை இங்கே விட்டுச் செல்கிறார்கள் என்பது மற்றொரு கேள்வி. முதற் கேள்வியைக் கல்வியாளர் பலரும் கேட்டு, விரிவாக எழுதியும் இருக்கிறார்கள். இரண்டாவது கேள்வி அநேகமாகக் கேட்கப்படுவதில்லை. இரண்டாவதற்கு விடை சரியாக அமையாத இடத்தில் முதலாவதற்கும் விடை சரியாக அமைவதில்லை என்பது என் முடிபு. அதற்குரிய காரணங்களை நம் நாட்டு அநுபவத்திலிருந்தே எடுத்துக் காட்ட விரும்புகிறேன்.

1918-ஆம் ஆண்டு இவ்விஷயத்தில் நினைவிற் கொள்ளத்தக்கது. அமெரிக்காவில், கொலம்பியா சர்வகலாசாலையைச் சார்ந்த ஆசிரியர் கல்லூரியில் போதித்துவந்த வில்லியம் ஹெர்ட் கில்பாட்ரிக், ‘செயல்திட்ட முறை’ என்ற கட்டுரையை அவ்வாண்டில்தான் பிரசுரித்தார். மாணவன் தன் மனமொப்பி மேற்கொள்ளும் ஒரு காரியத்தின் வாயிலாகவே கல்வி நிகழவேண்டும் என்று வாதித்த அக்கட்டுரை, உலகெங்கும் உள்ள கல்விச் சாஸ்திர நூல்களில் இன்றளவும் எடுத்தாளப்படுகிறது. அதே 1918-இல், சென்னைச் சர்வகலாசாலையின் பொருளாதார ஆய்வு வரிசையில் முதல் நூலாக, தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றைப் பற்றிய ஒரு புத்தகம் வெளிவந்தது. அதன் பதிப்பாசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர். அந்நூல் கல்வி முறையைப் பற்றி வாதம் எதுவும் செய்யவில்லை. ஆனால் கில்பாட்ரிக் எழுத்தில் வாதித்ததை அது செய்தே காட்டியிருந்தது.

ஆக்ஸ்போர்டில் தொழிலாளர்களின் கல்விக்கென அமைந்த ரஸ்கின் கல்லூரியின் தலைவராக இருந்த ஸ்லேட்டர், 1915-இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக நியமனம் பெற்று வந்தார். மாணவர் கையிலிருந்த பொருளாதாரப் புத்தகங்கள் இங்கிலாந்தின் ஆலைகளையும் வங்கிகளையும் கொண்டு விதிகளை விளக்கினவே ஒழிய, அம்மாணவரின் சொந்த ஊரில் நெல் யாரிடமிருந்து யாருக்குச் செல்கிறது, கூலி எந்த அளவில் கொடுக்கப்படுகிறது, கடன் எவ்வாறு ஏறுகிறது என்பவற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஸ்லேட்டர் ஒரு வினாப்பட்டியலைத் தயாரித்து மாணவரிடம் தந்து, விடுமுறையில் தாம் அறிந்த கிராமத்திற்குச் சென்று, கண்டதையும் கேட்டதையும் எழுதிவரச் செய்தார். தென்னார்க்காட்டில் இருவேல்பட்டு, வட ஆர்க்காட்டில் தூசி, தஞ்சையில் பாலக்குறிச்சி, ராமநாதபுரத்தில் வடமலைபுரம், திருநெல்வேலியில் கங்கைகொண்டான் முதலிய கிராமங்கள் இவ்வாறு நூலேறின. பட்டம் பெறாத இளைஞர்களின் கையெழுத்துப் பிரதிகளை ஒரு பேராசிரியர் சர்வகலாசாலையின் முதல் ஆய்வு நூலாக அச்சிடத் துணிந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவரிடத்தில் பெருமதிப்பு உண்டாகிறது.

அந்நூலின் மேன்மை, அது எழுதப்பட்டதில் மட்டும் இல்லை. அதை நம்பிப் பிறர் திரும்பிச் சென்றதிலேதான் பெரிதும் இருக்கிறது. ஸ்லேட்டருக்குப் பின் அப்பதவியில் அமர்ந்த பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணனுடன் சேர்ந்து, 1936–37-இல் அதே கிராமங்களை மீண்டும் ஆராயச் செய்து, 1940-இல் மறு ஆய்வு நூலை வெளியிட்டார். பாலக்குறிச்சியை ஆராய்ந்து மார்கரெட் ஹாஸ்வெல் 1967-இல் ஒரு நூல் வெளியிட்டார். இருவேல்பட்டுக்கு எஸ். குஹனும் ஜோன் மென்ச்சரும் சென்று 1983-இல் எழுதினார்கள். ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகிய மூவரும் 2008-இல் அங்கு ஆய்வு செய்து 2010-இல் வெளியிட்டார்கள். பெருநிலக்காரரின் ஆதிக்கம் படிப்படியாகத் தளர்ந்ததும், உழைக்கும் மக்கள் வயலுக்கு வெளியே வேலை தேடிக்கொண்டதும், ஒரே ஊரில் ஏறத்தாழ நூறு ஆண்டுகளில் எவ்வாறு நிகழ்ந்தன என்பதை இன்று நாம் அறிய முடிகிறது. உலகில் வெகு சில கிராமங்களுக்கே இத்தகைய சரித்திரம் உண்டு. அதற்கு அடிக்கல் நாட்டியவை மாணவரின் விடுமுறைக் குறிப்புகள்.

ஆயினும் ஒரு விஷயத்தை மறைக்கலாகாது. 1916-இல் கல்லூரிக்குச் சென்ற மாணவர் பெரும்பாலும் நிலமுடைய, மேல்நிலையிலிருந்த குடும்பங்களின் பிள்ளைகள். தம் ஊர் என்று அவர்கள் எழுதியபோது, தம் வீட்டுத் திண்ணையிலிருந்து தெரிந்த ஊரையே பெரிதும் எழுதினார்கள். சேரியில் வாழ்ந்த கூலியாள் அதே வினாக்களுக்கு என்ன விடை கூறியிருப்பார் என்பதை அப்பக்கங்களிலிருந்து நேராக அறிய இயலாது. பின்வந்த ஆய்வாளர் இக்குறையைக் கண்டு ஓரளவு சரிசெய்ய முடிந்ததென்றால், அதற்குக் காரணம் முதற் குறிப்பு, குறையுள்ளதாயினும், அழியாமல் இருந்ததுதான். எழுதிவைத்த பிழையைத் திருத்தலாம்; எழுதாமல் விட்டதை எவ்வாறு திருத்துவது?

பிரகிருதி சாஸ்திரத்திலும் இதே உண்மையைக் காணலாம். திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-இல் ராபினாட் தாவரத் தொகுப்பகத்தை நிறுவிய கே. எம். மாத்யூ அடிகளார், தம் குழுவினருடன் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் பன்முறை ஏறி இறங்கித் தொகுத்த செடிகளைக் கொண்டு ‘கர்நாடிக்’ எனப்படும் தமிழகப் பகுதியின் தாவர நூலை 1980-களில் பல பாகங்களாக வெளியிட்டார். சேர்வராயன் மலையும் அதில் அடங்கும். தொகுப்பகத்தில் உள்ள ஒரு தாளை எடுத்துப் பார்த்தால் இம்முறையின் சிறப்பு விளங்கும். அழுத்தி உலர்த்திய ஒரு கிளை தடித்த தாளில் தைக்கப்பட்டிருக்கும். வலப்புறம் கீழ்மூலையில் ஒட்டிய சீட்டில், எடுத்த இடம், உயரம், தேதி, எடுத்தவர் பெயர், அவருடைய வரிசை எண், மலர் உலருமுன் இருந்த நிறம் ஆகியவை எழுதப்பட்டிருக்கும். ஐம்பது வருஷம் கழித்து வரும் ஒரு மாணவி, அச்செடி இன்ன செடியன்று, வேறு என்று கருதினால், அத்தாளையே சாட்சியாக வைத்துத் தன் கருத்தை நிறுவலாம். ஏற்காட்டில் 1963 முதல் இந்தியத் தாவரவியல் ஆய்வகம் நடத்திவரும் தேசிய ஆர்க்கிட் தோட்டத்திலும் இந்தச் சிரத்தையைக் காணலாம். இம்மலையின் பெயரையே தன் சாஸ்திரப் பெயரில் தாங்கிய வெர்னோனியா ஷெவராயென்சிஸ் என்னும் அரிய செடி எங்கே எப்போது காணப்பட்டது என்பதை நாம் அறிவது, யாரோ ஒருவர் ஒரு சீட்டை ஒழுங்காக எழுதியதனால்தான்.

செய்து கற்றல் என்னும் கொள்கை நம் நாட்டில் வேறு வழிகளிலும் வளர்ந்தது. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மகாநாட்டில் காந்தியடிகள் கைத்தொழிலை நடுவாகக் கொண்ட ஆதாரக் கல்வியை முன்வைத்ததும், அக்கொள்கையின் வழியில் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கியதும், அங்கு எழுந்த கிராமிய நிறுவனம் எந்தத் துறை மாணவராயினும் கிராமத்தில் சென்று தங்கும் பயிற்சியைப் பாடத்தின் அங்கமாக்கியதும் பலரும் அறிந்தவை. காந்தி நூற்றாண்டாகிய 1969-இல் நாட்டு நலப்பணித் திட்டம் 37 சர்வகலாசாலைகளில், 40,000 மாணவருடன் ஆரம்பமாயிற்று. பின்னர் வேளாண்மைக் கல்லூரிகளில் ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டம் வந்தது. 2014-இல் உன்னத பாரத இயக்கம் வந்தது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை அநுபவக் கற்றலை எல்லா நிலைக்கும் உரியதாக்கியது. திட்டங்களுக்குக் குறைவில்லை என்பதைக் காட்டவே இவற்றை இங்கு வரிசைப்படுத்தினேன்.

இவற்றினும் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வழக்கம். அங்கே மருத்துவ மாணவர், நோயாளியின் நாடியைப் பிடிக்கக் கற்றுத் தேறுவதற்கு வெகு முன்பே, முதலாண்டிலேயே ஒரு கிராமத்தில் தங்கி, வீடுவீடாகச் சென்று, குடிநீர் எங்கிருந்து வருகிறது, அடுப்புப் புகை எங்கே போகிறது, குழந்தை எந்த மாதத்தில் சோறுண்ணத் தொடங்கியது என்பவற்றைக் கேட்டறிகிறார்கள். அம்மாணவர் சென்றபின் கிராமம் கைவிடப்படுவதில்லை. அதே கல்லூரியின் சமுதாய நலத்துறையைச் சேர்ந்த மருத்துவரும் தாதியரும் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு ஆண்டு முழுவதும் வந்துபோகிறார்கள். சேர்வராயன் மலையைப் போலவே மலையாளிகள் வாழும் ஜவ்வாது மலைக்கும் அவர்கள் பணி நீண்டிருக்கிறது. கேட்டவர்கள் திரும்பி வருவார்கள் என்று தெரிந்த வீட்டில் விடை வேறு விதமாக இருக்கும். தன் மகளின் சோகையைப் பற்றி ஒரு தாய் முன்பின் அறியாத இளைஞனிடம் பேசுவதற்கும், அடுத்த மாதம் மருந்துடன் வரப்போகிறவரிடம் பேசுவதற்கும் உள்ள வித்தியாசம் அது. பயன் தருவது, சரியான தகவலைப் பெறுவது என்னும் இரண்டும் அங்கே ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

இனிக் கரடியூர்ப் பக்கம் திரும்புவோம். இறுதியாண்டு வேளாண்மை மாணவர் பத்துப் பேர் ஒரு காபித் தோட்டத்தில் இறங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அராபிகாக் காபியின் கொடிய எதிரி வெள்ளைத் தண்டுத் துளைப்பான். அதன் வண்டு தண்டுப்பட்டையின் வெடிப்பில் முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழு கட்டைக்குள் துளைத்துச் சென்று மாதக்கணக்கில் அங்கேயே வளர்கிறது. வெளியிலிருந்து நோக்கினால் இலை சற்று மஞ்சளித்திருக்கும், அவ்வளவுதான். அநுபவமுள்ள தோட்டக்காரர் மாணவனின் கையைப் பிடித்துத் தண்டின் மேல் வைத்து, மேலிருந்து கீழாக மெல்ல வருடச் சொல்கிறார். ஓரிடத்தில் பட்டைக்கடியில் நரம்பு புடைத்தாற்போல் ஒரு வரி விரலுக்குத் தட்டுப்படுகிறது. அதுவே புழு சென்ற பாதை. அச்செடியை வேரோடு பிடுங்கி எரிக்கவேண்டும். புத்தகத்தில் ஒரே வரியாக உள்ள இந்த லட்சணத்தை அம்மாணவன் இனி மறக்கமாட்டான். செய்து கற்பதன் பெருமையை இதைவிட நன்றாக எடுத்துக்காட்ட இயலாது.

ஆனால் பாடம் இங்கே முடிந்துவிட்டதாக எண்ணினால் அது பாதிப் பாடமே. இவ்வண்டு வெயில் விழும் தண்டையே விரும்புகிறது. நிழல் போதுமானதாக இருந்தால் இதன் தொல்லை குறையும். அப்படியிருக்க இந்தத் தோட்டத்தில் நிழல் ஏன் குறைந்தது? பழைய காட்டு மரங்கள் போய், விரைவில் வளர்ந்து விலைபோகும் சில்வர் ஓக் ஏன் வந்தது? அதன்மேல் மிளகுக்கொடி நன்றாக ஏறுகிறது என்பது ஒரு காரணம். அவசரச் செலவுக்கு மரத்தை விற்கலாம் என்பது மற்றொன்று. மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் சிறு விவசாயியை எப்படித் தொடுகின்றன? ஆண்டில் இரண்டு முறை செடி செடியாகத் தடவிப் பார்க்க ஆள் கிடைக்கிறதா, கிடைத்தால் கூலி கட்டுமா? பூச்சியியலில் தொடங்கிய கேள்வி காட்டியலுக்கும், அங்கிருந்து பொருளாதாரத்திற்கும், சட்டத்திற்கும், குடும்பத்தின் வரவு செலவுக்கும் தானாகவே நடந்துபோகிறது. விவசாயி இவற்றை வேறு வேறு துறைகளாக அறியார். அவருக்கு இது ஒரே கஷ்டம். துறைகளாகப் பிரிந்து வருகிறவர்கள் நாம்தான். ஆகவே பல்வேறு துறை மாணவருக்கு அநுபவக் கல்வி அளிக்க வேண்டுமானால், துறைக்கொரு திட்டம் வகுப்பதைக் காட்டிலும், ஒரே ஊரைப் பல துறையினர்க்கும் பொதுவாக்கி, ஒருவர் கண்டதிலிருந்து மற்றவர் தொடங்குமாறு அமைப்பதே பொருத்தம்.

தண்ணீரை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். சேர்வராயன் மலையின் உடல் சார்னோகைட் பாறையாலானது, டி. எச். ஹாலந்து 1900-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு முதற்கொண்டு பூகர்ப்ப சாஸ்திரிகள் இவ்வகைப் பாறையைப் பற்றி எழுதிவந்திருக்கிறார்கள். மலையுச்சிகளின் சமதளத்தில் அப்பாறை நெடுங்காலம் மக்கிப் பாக்சைட்டாக மாறியுள்ளது. மேட்டூரில் இருந்த மதராஸ் அலுமினியக் கம்பெனிக்காக அது வெட்டியெடுக்கப்பட்டதும் உண்டு. துளைகள் மலிந்த அந்த மேற்படலம் மழைநீரை உறிஞ்சிவைத்து, கீழே சரிவிலுள்ள ஊற்றுகளுக்கு எவ்வளவு நீரை, எத்தனை மாதம் விடுகிறது என்பது பூகர்ப்ப சாஸ்திரமும் கிராம வாழ்க்கையும் சந்திக்கும் கேள்வி. அதற்கு விடை தேட விலையுயர்ந்த சாதனம் வேண்டியதில்லை. பத்து லிட்டர் வாளி ஒன்றும் ஒரு கைக்கடிகாரமும் போதும். ஊற்று நீரை மூங்கிலாலோ குழாயாலோ ஒருமுகப்படுத்தி, வாளி நிரம்பும் நேரத்தை மூன்று முறை அளந்து சராசரி காணவேண்டும். 40 வினாடியில் நிரம்பினால், ஒரு நாளில் 21,600 லிட்டர். ஜல் ஜீவன் திட்டம் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு வகுத்துள்ள 55 லிட்டர் கணக்குப்படி, ஏறக்குறைய 390 பேருக்குப் போதுமான நீர். அதே ஊற்றில் கோடையில் வாளி நிரம்ப நான்கு நிமிஷம் ஆகுமானால், அது 65 பேருக்குத்தான் காணும்.

இங்கேதான் கல்லூரி நாட்காட்டியின் குறை புலப்படுகிறது. ஊற்று வற்றும் சித்திரை மாதத்தில் மாணவர் மலைக்கு வருவதில்லை. அப்பொழுது அவர்களுக்குப் பரீட்சை, அல்லது விடுமுறை. வடகிழக்குப் பருவமழை முடிந்து மலை பசுமையாக நிற்கும் டிசம்பரிலும் ஜனவரியிலும் வருகிறார்கள். அப்பொழுது ஊற்றில் நீர் நிறைந்திருக்கிறது; காபிப் பழம் பறிக்கும் காலமாதலால் ஊரில் பேசுவதற்கு ஆளில்லை. வீட்டிலிருக்கும் முதியவர்களைக் கேட்டு, நீர் நிறைந்த காலத்தில் அளந்து எழுதிய அறிக்கை, இம்மலையில் தண்ணீர்க் கஷ்டம் இல்லை என்று கூறினால் அதில் வியப்பில்லை. மாணவர் பொய் எழுதவில்லை; வந்த காலம் அவ்வாறு எழுதச் செய்துவிட்டது. ஒவ்வொரு வருஷமும் ஒரே மாதத்தில் வரும் பத்துக் குழுக்களின் அறிக்கைகளைச் சேர்த்து வைத்தாலும் இப்பிழை பெருகுமே ஒழியக் குறையாது.

சட்ட மாணவர்க்கும் இங்கே வேலை உண்டு. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டு நிலத்தை நெடுங்காலமாக அநுபவித்துவரும் பழங்குடியினரின் உரிமையைக் கிராம சபையின் வாயிலாக நிலைநாட்ட வழி செய்தது. தமிழ்நாட்டில் அதன் அமலாக்கம் நீதிமன்ற உத்தரவொன்றால் பல ஆண்டுகள் தடைப்பட்டிருந்து, 2016-க்குப் பின்னரே நடைபெறத் தொடங்கியது. அச்சட்டத்தின் விதிகள், அரசாங்கப் பத்திரங்களை மட்டுமே சான்றாகக் கேட்கவில்லை. வீடு, வரப்பு, கிணறு, இடுகாடு, தெய்வம் உறையும் தோப்பு முதலிய பிரத்தியட்சமான அடையாளங்களையும், எழுத்தில் பதிவு செய்யப்பட்ட முதியோர் வாக்குமூலத்தையும் சான்றாக ஏற்கின்றன. ஊரக மதிப்பீட்டுப் பயிற்சிக்கு வரும் மாணவர், தரையில் கோலப்பொடியால் ஊரின் படத்தை ஊராரைக் கொண்டே வரையச் செய்வது வழக்கம். அப்படத்தில் பெரியவர் ஒருவர் குனிந்து, ஓடையை இடப்பக்கம் தள்ளிப்போட்டு, பழைய களத்துமேட்டுக்கு ஒரு கல்லை வைக்கிறார். அந்தக் கல் ஒரு மாணவனுக்கு மதிப்பெண். ஊருக்கோ அது ஒரு சாட்சியம். படத்தைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு மாணவர் போனபின், மறுநாள் காலையில் கோலப்பொடி காலடியில் கலைந்துவிடுகிறது. சட்ட மாணவரும் நில அளவை கற்கும் மாணவரும் அப்படத்தைத் தாளில் ஏற்றி, அளந்து, தேதியிட்டு, வரைந்தவரின் சொல்லையும் எழுதி, கிராம சபையின் கையில் கொடுத்திருந்தால் அதன் கதி வேறாக இருந்திருக்கும்.

அறிக்கைகளின் நிலை என்ன? மாணவர் எழுதும் அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. வாய்மொழித் தேர்வுக்கென ஸ்பைரல் பைண்டிங் செய்யப்பட்டு, மதிப்பெண் இட்டபின் துறை அலமாரியில் அடுக்கப்பட்டு, இடம் போதாதபோது எடைக்குப் போய்விடுகிறது. அடுத்த வருஷம் வருகிறவர்கள் அதைப் பார்ப்பதில்லை. அதே வீட்டில், அதே திண்ணையில், அதே கேள்விகளை முதலிலிருந்து கேட்கிறார்கள். எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆடு, கழிப்பறை உண்டா என்று வருஷந்தோறும் விடை சொல்லும் ஒரு குடும்பத்தின் பொறுமையை நாம் இலவசமாகச் செலவழித்து வருகிறோம். அரைநாள் கூலியை இழந்து உட்கார்ந்து பேசுகிறவருக்கு அக்கூலியைக் கொடுப்பதே நியாயம் என்பது என் அபிப்பிராயம். பணம் கொடுத்தால் விடை கெட்டுவிடும் என்பாருண்டு. தோட்டக்காரரின் காலத்திற்கு விலையுண்டு என்பதை உணராத மாணவன் பொருளாதாரத்தில் வேறெதைக் கற்றாலும் என்ன பிரயோஜனம்? எல்லா அநுபவமும் கல்வியாகிவிடாது, சில அநுபவங்கள் மேற்கொண்டு கற்பதையே கெடுத்துவிடும் என்று ஜான் டூயி 1938-இல் எச்சரித்திருக்கிறார். ஏழு நாள் முகாமில் ஊரைப் ‘பார்த்துவிட்டதாக’ எண்ணித் திரும்பும் இளைஞனின் மனநிலை அவ்வகையைச் சேர்ந்தது.

ஆகவே நான் வேண்டுவது ஊருக்கொரு ஏடு. கரடியூர் போன்ற ஒரு மலைக் கிராமத்தில், பள்ளிக்கூடத்திலோ ஊராட்சியின் நூலகத்திலோ, அந்த ஏடு இருக்கவேண்டும். அதன் படி ஒன்று சேலத்திலுள்ள பெரியார் பல்கலைக்கழகத்திலோ, ஆய்வு நடத்தும் கல்லூரியிலோ இருக்கலாம். அது தமிழில் எழுதப்படவேண்டும். தாவரத் தொகுப்பகத்தின் சீட்டைப் போல, எந்த இடத்தில், எந்த நாளில், எந்த முறையில், யார் அளந்தார் என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெளிவாக இருக்கவேண்டும். பிறகு வருகிறவர் ஐயுறவும் மறுக்கவும் அது இடம் தரும். அடுத்த குழு மலையேறுமுன் முந்தைய பக்கங்களைப் படித்து, அவற்றில் எதைத் தொடரப்போகிறது, எதைச் சோதிக்கப்போகிறது என்பதை எழுதித் தரவேண்டும். ஏட்டை வாசிக்கவும் திருத்தவும் ஊராருக்கு உரிமை உண்டு. திண்ணைப் பார்வை மட்டும் நூலேறிய பழங்குறையை அவ்வுரிமைதான் ஓரளவாவது போக்கும். எழுதாமல் விடவேண்டியவையும் உண்டு. இன்னார்க்கு இவ்வளவு கடன் என்று பெயர் சொல்லி எழுதலாகாது. அரிய ஆர்க்கிட் செடியும் மூலிகையும் நிற்கும் இடத்தை ஓடையும் பாறையும் குறித்து எழுதினால், அடுத்த வருஷம் அந்த இடத்தில் செடி இராது.

இதற்கு ஆசிரியர்கள் சொல்லக்கூடிய தடை ஒன்று உண்டு, அது நியாயமானதும்கூட. ஒவ்வொரு மாணவனுக்கும் தனித்தனியே மதிப்பெண் இடவேண்டிய கட்டாயத்தில், முன்னோர் தொடங்கிய வேலையைத் தொடர்கிறவனுடைய பங்கை எப்படி மதிப்பது? ஊற்றை ஆறாவது வருஷம் அளக்கிறவன் புதிதாக எதைச் செய்தான்? முந்தைய ஐந்து வருஷக் கணக்கில் எது ஒத்துவருகிறது, எது வரவில்லை, ஏன் வரவில்லை என்று காரணத்தோடு எழுதுகிற மாணவன், புதிய தலைப்பொன்றை எடுத்து எழுதுகிறவனைக் காட்டிலும் கடினமான காரியத்தைச் செய்கிறான். தாமஸும் ராமகிருஷ்ணனும் 1936-இல் செய்தது அதைத்தான். மதிப்பெண் திட்டத்தில் மறு ஆய்வுக்கென ஒரு தனிப் பகுதியை ஒதுக்குவதற்குப் பெரிய சீர்திருத்தம் எதுவும் தேவையில்லை. பாடத்திட்டக் குழுவின் ஒரு கூட்டம் போதும்.

நாட்காட்டியை மாற்றுவதுதான் கடினம். பரீட்சைகளைத் தள்ளிவைக்க ஒரு தனிக் கல்லூரியால் முடியாது. ஆனால் நாட்டு நலப்பணித் திட்டத்தின் கீழ் ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணி செய்யவேண்டும் என்று ஏற்கெனவே விதி இருக்கிறது. அந்த நேரத்தை ஒரே முகாமில் செலவிட்டுத் தீர்க்காமல், பரீட்சை முடிந்தவுடன் சித்திரைக் கடைசி வாரத்தில் துறைக்கு இருவராகச் சில மாணவர் மலையில் தங்குவதற்கு அதில் ஒரு பகுதியை ஒதுக்கிவைக்கலாம். பூமழை பெய்து காபி பூத்து ஓய்ந்திருக்கும் காலம் அது. பறிப்பு இல்லாததால் பேச ஆளிருக்கும், துளைப்பான் வண்டு வெளிப்படும் பருவமாதலால் பூச்சியியல் மாணவனுக்குப் பார்க்க ஏதுவிருக்கும், ஊற்றில் நீர் மிகக் குறைந்த அளவில் இருக்கும். அந்த வாரத்தில் எடுக்கும் அளவே ஏட்டின் முதற் பக்கத்தில் ஏறவேண்டும். டிசம்பர் மாத அளவு இரண்டாம் பக்கத்தில் வந்தால் போதும்.